ஒன்பது லொறிகளைக் கேட்ட தொலைபேசி

என் வீட்டு அலமாரியில், சீப்புக்கும் பழைய மூக்குக் கண்ணாடிக்கும் நடுவில், ஒரு தொலைபேசி ரிசீவர் கிடக்கிறது. கறுப்பு நிறம். பேசும் முனையில் விரிசல், அதன்மேல் சுற்றிய வயர் டேப். பிடியில் கிரீஸ் ஏறிய ஒரு பெருவிரல் தடம். பல வருடம் ஒரே இடத்தை அழுத்திப் பிடித்த விரல் அது. ஒருமுறை சவர்க்காரம் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. போகாதது நல்லது என்று நானும் விட்டுவிட்டேன். "இத இன்னும் ஏம்மா வச்சிருக்கீங்க?" என்று மகன் கேட்பான். இதில் ஒன்பது லொறி ஓடியது என்று சொன்னால் சிரிப்பான்.

தொண்ணூறுகளின் நடுவில் நுவரெலியாவில் ஒரு தேயிலைக் கம்பனியின் அலுவலகத்தில் எனக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கதிரையில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான், அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஆறு தோட்டத்துத் தொழிற்சாலைகளுக்கும் கம்பனியின் வேர்க்‌ஷொப்புக்கும் என் இணைப்புப் பலகை வழியாகத்தான் பேச வேண்டும். வேர்க்‌ஷொப்பின் தலைமை மெக்கானிக்கை எல்லோரும் பாஸ் என்றே அழைத்தோம். கம்பனியை நடத்திய பெரிய துரைகூட அப்படித்தான். ஆறு தோட்டத்திலும் சேர்த்து ஒன்பது லொறி, அவரோ ஒரே ஆள். தினமும் போய்ப் பார்க்க முடியாதல்லவா? அதனால் லொறிகளை அவர் தொலைபேசிக்கு வரவழைத்தார்.

காலை ஆறு மணிக்குத் தொடங்கும். தோட்டத்து டிரைவர் லொறியைத் தொழிற்சாலை அலுவலக ஜன்னலோரம் கொண்டுவந்து நிறுத்தி பொனட்டைத் திறப்பார். கிளாக்கர் ஐயா ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார். "பாஸ், லொறி லைன்ல நிக்குது, பேசுங்க" என்று நக்கலடிக்காத கிளாக்கர் இல்லை. மழை நாளில் ஒருவர் தான் நனைந்துகொண்டு ரிசீவருக்குக் குடை பிடித்ததாகக் கேள்வி. பாஸ் எதற்கும் சிரிக்க மாட்டார். "ரேஸ் பண்ணு... விடு... பிரேக்க மிதி... இன்னொருக்கா" என்பார். பிறகு கொஞ்ச நேரம் அவருடைய மூச்சு மட்டும் கேட்கும். "சரி, போகச் சொல்லு" என்றால் லொறி புறப்படும். "நிக்கட்டும், நான் வாறேன்" என்றால் அன்றைக்கு அது அசையாது. இப்படி ஒன்பதும் முடிய ஏழு மணியாகும்.

அந்த லொறிகள் கொழுந்து மட்டும் ஏற்றவில்லை. காலையில் தூர மலைகளுக்கு ஆட்களையும் ஏற்றிப் போகும். ராகலைப் பக்கத்து லொறி வலப்பனை பார்த்து இறங்கும் பாதையில் ஒரு புறம் மலை, மறு புறம் வெறும் பனி. பின்னால் நாற்பது பெண்கள் கூடையோடு நிற்பார்கள். என் சின்னம்மாவும் அதில் போகிறவர்தான்.

ஆபரேட்டர் ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் எங்கள் மலை லைன் அடிக்கடி அறுந்துவிடும், ஆகவே நான் ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து லயத்து ஆட்களை இருமலை வைத்தே அடையாளம் தெரிகிற மாதிரி, சில வருடத்தில் ஒன்பது லொறியும் எனக்குச் சத்தத்தில் பழகிவிட்டது. ஒருநாள் ராகலை லொறியிடமிருந்து, பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம், மெல்லிய சீறல் ஒன்று வந்தது. அடுத்த நாளும் வந்தது. மூன்றாம் நாளும் பாஸ் "சரி, போகச் சொல்லு" என்றதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "பாஸ், என்னமோ சீறுற மாதிரி கேக்குதுங்க."

"நிக்கட்டும்" என்றார் பாஸ். பிறகு அவர் டிரைவரிடம் எயார் பைப்பைப் பார்க்கச் சொன்னார். பிரேக்குக்குக் காற்றுப் போகும் குழாயில் நகக்கண் அளவு வெடிப்பு இருந்தது.

அன்று மத்தியானம் என் அறைக் கதவின் கீல் பழுது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். கீலுக்கு ஒன்றும் இல்லை.

"எத்தனை நாளா கேக்குது புள்ள?"

"மூணு நாளாங்க."

"எனக்குக் கேக்கல." தரையைப் பார்த்தபடி சொன்னார். "இஞ்சின் அடிக்கிறது, இடிக்கிறது எல்லாம் கேக்குது. இந்த மெல்லுசு சத்தம் மட்டும் போயிருச்சு. வெளிய தெரிஞ்சா அனுப்பிருவாங்க. குவார்ட்டர்ஸ விடணும். மக இந்த வருசம்தான் ஏ.எல். படிக்க ஆரம்பிச்சிருக்கா."

இதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். எனக்கு உதவி செய் என்று கேட்கவே இல்லை. வழி சொன்னது நான்தான். லொறியைக் கேட்டு முடிந்ததும் நகத்தால் என் மவுத்பீஸில் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் சுத்தம், இரண்டு தட்டு என்றால் சீறல். தட்டுகிற சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்டது.

நாங்கள் செய்தது சரியா என்று இன்றைக்கும் என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியாது. சின்னம்மா ஏறுகிற லொறிக்கு என் நகம் அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது. பயத்தில் இரண்டு வருடம் நான் லீவே எடுக்கவில்லை. தீபாவளிக்குக்கூட லொறி ஓடாத நாளா என்று பார்த்துத்தான் வீட்டுக்குப் போனேன்.

பிறகு கண்டியில் ஒரு பெரிய நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். பாஸிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காய்ச்சல் என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு விடியற்காலை பஸ் ஏறினேன். என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தார்.

முதல் லொறி லைனுக்கு வந்தது. பாஸ் கேட்டார், காத்திருந்தார். தட்டு வரவில்லை. "ஒம்பதும் நிக்கட்டும்" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டாராம். ஒரு போத்தல் சவர்க்காரத் தண்ணீரும் ஒரு பிரஷும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய், ஒவ்வொரு குழாயிலும் பூசி, காற்றுக் கசிந்து நுரை முட்டை விடுகிறதா என்று பார்த்திருக்கிறார். ஆட்கள் மலைக்கு நடந்தே போனார்கள். பறித்த கொழுந்து சாக்கிலேயே சூடேறிச் சிவந்துவிட்டது. பெரிய துரை எல்லோர் முன்னாலும் கத்தி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். ஏன் நிறுத்தினாய் என்ற கேள்விக்கு பாஸ் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு நம்பிக்கை வரலங்க தொரை."

மறுநாள் என்னிடம் "காச்சல் எப்படி?" என்று கேட்டார். பொய் சொல்ல முடியவில்லை. கண்டிக் கதையைச் சொன்னேன். "கெடச்சா போ" என்றார். கிடைத்தது. நான் போகவில்லை, வர இயலாது என்று எழுதிப் போட்டேன். அலுவலகத்தில் அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, வேர்க்‌ஷொப்புக்கும்தான். அந்த நாட்களில் அவர்மேல் எனக்குப் பொல்லாத கோபம். போகாதே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

அதற்கு அடுத்த வாரமே ஒரு புது உத்தரவு வந்தது. தினமும் காலையில் டிரைவர்கள் குழாய்களுக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்க்க வேண்டும். லொறிக்குக் குளியல் என்று தோட்டமெல்லாம் சிரித்தது. அந்த உத்தரவு எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. சில மாதத்தில் கொழும்பிலிருந்து இரண்டு பேர் பெட்டிகளோடு வந்தார்கள். லொறிக்கு ஒரு பெட்டி, அதற்குள் கைபேசிக்குப் போடுகிற மாதிரி ஒரு சிம். இஞ்சின் சூடு, பெட்டரி, பிரேக்கின் காற்றழுத்தம் எல்லாம் தானாக வந்து என் பலகைக்குப் பக்கத்தில் வைத்த கம்ப்யூட்டரில் விழும். பள்ளத்துக்குள் இறங்கிய லொறி திரையில் காணாமல் போகும், மேட்டுக்கு ஏறியதும் அதுவரைக்குமான கணக்கை ஒரேயடியாகக் கொட்டும்.

பாஸ் அந்தப் பெட்டிகளை உடைத்துப் போடுவார் என்று அலுவலகமே எதிர்பார்த்தது. அவரோ கொழும்புக்காரர்களோடு லொறிக்கு அடியில் படுத்து, குழாய் வழக்கமாக எங்கே வெடிக்கும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் காலை அவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். பழையபடி தொலைபேசியும் இருக்கட்டும் என்று துரை சொல்லியிருந்ததால் நானும் காதில் மாட்டிக்கொண்டேன். ராகலை லொறி லைனுக்கு வந்தது. சீறல் கேட்டது. தட்ட நகத்தைத் தூக்கினேன்.

"தட்டாத," என்றார். திரையில் ராகலையின் வரி சிவந்திருந்தது. ஏழு, ஆறரை, ஆறு என்று காற்று இறங்கிக்கொண்டிருந்தது. "பாத்துட்டேன்." டிரைவரை நிறுத்தச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இனி நீ போகலாம் புள்ள" என்றார்.

நான் கழிவறைக்குப் போய் அழுதேன். அன்று மாலை துரைதான், தன் உடைந்த தமிழில், மிச்சத்தைச் சொன்னார். நான் கண்டிக்கு மறுத்து எழுதிய அதே வாரம், பாஸ் தன் காதைப் பற்றி ஒளிக்காமல் எழுதி, சவர்க்கார வழியையும் இப்படி ஒரு பெட்டியையும் கேட்டிருக்கிறார். வேலையும் வீடும் மகளின் படிப்பும் போகலாம் என்று தெரிந்தே எழுதிய கடிதம். அதில் என் பெயர் எங்கும் இல்லை. துரை அவரை அனுப்பவில்லை. தலைமைப் பொறுப்பை எடுத்துவிட்டு, திரைக்கு முன்னால் கதிரை போட்டுக் கொடுத்தார். மறு வருடம் எனக்கு மறுபடி கண்டியில் வேலை கிடைத்தது. புறப்பட்ட அன்று, வேர்க்‌ஷொப்பில் பழைய தொலைபேசியைக் கழற்றிவிட்டார்கள் என்று சொல்லி பாஸ் இந்த ரிசீவரை என் பையில் போட்டார்.

போன மாதம் தலவாக்கலையில் அவருடைய மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் இப்போது டீச்சர். மருமகனுக்கு நான்கு வேன்கள் ஓடுகின்றன. பாஸ் கைபேசித் திரையில் அந்த நான்கையும் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு காதும் முழுதாகப் போய்விட்டது, எதையும் எழுதித்தான் காட்ட வேண்டும் என்றாள் மகள். பையிலிருந்து ரிசீவரை எடுத்து அவர் கையில் வைத்தேன். பெருவிரல் தேடாமலே அந்தத் தடத்தில் போய் உட்கார்ந்தது. பழக்கத்தில் காதுக்குக் கொண்டுபோனார்.

எழுதிக் காட்ட எனக்கு எவ்வளவோ இருந்தது. கண்டி வேலை, வீடு, மகன். ஒன்றும் எழுதவில்லை. டேப் சுற்றிய அந்த முனையில் நகத்தால் ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். கன்ன எலும்பில் அது அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கண்ணை மூடி, கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டார்.

"சரி," என்றார், "போகச் சொல்லு."