உத்தேசக் கோடு

ஹனூரிலிருந்து மைசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நிர்மலா, விஜயநகரில் ஒரு மாடி அலுவலகத்தில் நுரையீரலுக்குக் கோடு போடுகிறவள். சிரிக்காதீர்கள், அதுதான் அவள் உத்தியோகம். பெயர் மறைத்து வரும் சி.டி. ஸ்கேன் படங்களில் நுரையீரலின் பாகங்களில் எது எந்த மடல், எங்கே ரத்தக்குழாய் என்று எல்லை வரைவாள். இப்படி ஆயிரக்கணக்கான படங்களைத் தின்றுதான் கம்ப்யூட்டர் தானாக எல்லை கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால், எங்கே வெட்டலாம், எவ்வளவு மிஞ்சும் என்று டாக்டருக்குக் காட்டுகிறது.

சில பேருக்கு மடலுக்கும் மடலுக்கும் நடுவே பிரிவே தெரியாது, ஒட்டியே பிறந்திருக்கும். அதற்கென்று ‘தெளிவில்லை’ என ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் படம் சரிபார்ப்பவரிடம் போகும், கேள்வியோடு திரும்பி வரும், ஒரு மணி நேரம் பாழ். ஒரு நாளைக்கு நாற்பது படம் முடிக்க வேண்டியவள் அதை ஏன் அழுத்தப்போகிறாள்? உத்தேசமாக ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். அங்கே எல்லாரும் செய்ததுதான்.

அவள் புருஷன் கெம்பையன் மண்டி மொஹல்லாவில் லக்கேஜ் ஆட்டோ ஓட்டினான். போன வருஷம் இருமலில் ரத்தம் வந்தது. வலது நுரையீரலில், மேல் மடலும் நடு மடலும் சேரும் ஓரத்தில் கட்டி. பீடி தின்றது போக மூச்சு ஏற்கெனவே பாதிதான். நிறைய எடுத்தால் தாங்க மாட்டான், கட்டி உள்ள சிறு துண்டை மட்டும் எடுத்தால் பிழைப்பான் என்றார் டாக்டர். திரையைத் திருப்பிக் காட்டினார். பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று, நடுவில் பளிச்சென்று எல்லை.

“மாமா, இது எங்க ஆபீசுல சொல்லிக்குடுத்த கம்ப்யூட்டருங்க!” நிர்மலா பூரித்துப்போனாள்.

“ஊட்டுலதான் கோட்டத் தாண்ட உடமாட்டே. இப்ப நெஞ்சுக்குள்ளயும் போட்டுட்டயா?” என்றான் அவன். டாக்டரும் சேர்ந்து சிரித்தார்.

வயிற்றைத் திறந்தால்கூடத் தைத்துவிடலாம், நெஞ்சு அப்படியா? ஆபரேஷன் அன்று, படத்தில் இருந்த எல்லை உள்ளே இல்லை. இரண்டு மடலும் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. பிரிக்கப் போன இடத்தில் ரத்தம் பீறிட்டது. உயிரைப் பிடித்து நிறுத்த இரண்டையுமே எடுக்க வேண்டியதாயிற்று. மிஞ்சியது அவனுக்குப் போதவில்லை. பதினோராம் நாள் காலையில், மூச்சுக்கு அலைந்து அலைந்து செத்தான். நாற்பத்தாறு வயசு. பகைவனுக்கும் வேண்டாம் அந்தச் சாவு.

“படம் ஒரு வழிகாட்டிதாம்மா. முடிவு பண்ணது நான்” என்றார் டாக்டர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியவள் தன் பழைய படங்களைத் தோண்டினாள். ஒட்டிய இடத்தில் அவள் உத்தேசமாகக் கோடு போட்டவை மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. எடுத்துக்கொண்டு மேலாளர் பரத்வாஜ் முன்னால் போய் நின்றாள்.

“சார், அவருக்குக் காட்டுன கோடு என்னாலதான் வந்துச்சுங்களா?”

“மேடம், பத்துப் பேர் போட்ட ஒரு லட்சம் படம் இருக்கு. சும்மா மனசைக் கெடுத்துக்காதீங்க.”

“இல்லேன்னு உறுதியாச் சொல்லுங்க சார். அது போதுமுங்க எனக்கு.”

பரத்வாஜ் நல்ல மனுஷர். பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு படத்திலும் போட்ட கோட்டை அவள் ஒவ்வொன்றாக அழித்து, ‘தெளிவில்லை’ என்று போட்டாள். மூன்று வாரம் ஆனது. அப்புறமும் நெஞ்சு ஆறவில்லை, பாவி மகளுக்கு.

வீட்டில் மாமியார் மாரக்காள் கீரை ஆய்ந்துகொண்டு, வழக்கம்போலச் சொன்னாள்: “எல்லாம் விதி கண்ணு. எம்பையன் தலையில எழுதுனது அவ்வளவுதான்.”

நிர்மலாவால் அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. பட்டனையும், நாற்பது படத்தையும், கோட்டையும், ஒன்றுவிடாமல் சொல்லித் தீர்த்தாள். சொல்லிவிட்டு அழுதாள்.

மாரக்காள் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள். திட்டவில்லை.

“இத ஏங்கண்ணு எங்கிட்டச் சொன்ன?” என்றாள். “விதின்னு நெனச்சுக்கிட்டே செத்துப் போயிருப்பனே.”