ஈஸ்வரி எடுத்த கல்

மலைமேல் கடைசி ஊருக்கு ஒரே ஒரு பஸ்தான். அதை ஓட்டுகிறவன் நான். காலையில் ஒடுகத்தூரில் கிளம்பினால் பத்தரைக்கு வழிகாத்தம்மன் கோயில் வாசலில் போய் நிற்பேன். அங்கேயே வண்டியைத் திருப்ப வேண்டும். பிழைப்புக்காக மலையிறங்குகிறவர்கள் ஆளுக்கொரு கல்லை அம்மன் முன்னால் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். திரும்பி வந்தவர்கள் அவரவர் கல்லை எடுத்து ஓடையில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார்கள். இவர்கள் கல் வைத்து, கும்பிட்டு, மூக்கைச் சிந்தி முடிக்கிறவரை நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எரிச்சலாக வரும்.

அந்த அம்மனுக்குக் கண் கிடையாது. சிலையைச் செதுக்கியவன், கண் திறக்கும் நாளுக்கு முதல் நாள் செத்துப்போனானாம். அதற்குப் பிறகு யாரும் அதில் உளி வைக்கத் துணியவில்லை. அதனால் ஊர் ஜனங்களை அவள் கல்லைத் தடவித்தான் தெரிந்துகொள்கிறாள் என்பார்கள். கல் இருந்தால் ஆள் வெளியூரில். கல் இல்லையென்றால் ஆள் வீட்டில்.

கோயிலைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிறவள் ஈஸ்வரி. எதிர் வீடுதான். நாற்பது வயதிருக்கும். சாமை விதைப்பாள், புளி உலுக்குவாள், வம்புதும்புக்குப் போகமாட்டாள். அவள் புருஷன் சின்னராசு குடகுப் பக்கம் மிளகு பறிக்கப் போய் நான்கு வருஷமாகிறது. கடைசி இரண்டு வருஷமாகப் போனும் இல்லை. பஸ் நின்றதும் துடைப்பத்தோடு வந்து, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள்.

"இன்னைக்கும் இல்லீங்களா?"

"இல்லம்மா."

தினமும் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே மனசு விட்டுப்போயிற்று.

போன ஆடி மாசம் ஒரு நாள் அவள் தலையில் பூ இருந்தது. கையில் பீடிக்கட்டு.

"வந்துட்டாருங்க" என்றாள்.

"எந்த பஸ்ல வந்தாரு?" என்றேன். என் பஸ்ஸை விட்டால் அந்த ஊருக்கு வேறு வண்டி ஏது?

அவள் சிரித்தாள். பிறகு தானாகவே சொன்னாள். பொறுக்கமாட்டாமல் முந்தின வாரம் சின்னராசுவின் கல்லை அவளே எடுத்து ஓடையில் போட்டுவிட்டாளாம். கல் போய்விட்டால் அம்மன் ஆளைக் கொண்டுவந்து சேர்த்துத்தானே ஆக வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

"மறுநாளே வந்துட்டாருங்க. பேசறதில்ல. வூட்டுக்குள்ளயே படுத்துனு கீறாரு. களி வச்சா தட்டு காலியாவுது."

பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் சின்னராசு வளர்த்த நாய் அவள் வீட்டு வாசலில் படுத்து, உள்ளே பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஈஸ்வரி என் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே அந்த வீட்டுக்குள் யாரோ இருமினார்கள். அவளுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. அன்றைக்கு நேரத்துக்கு முன்னாலேயே வண்டியை எடுத்துவிட்டேன்.

ஐப்பசியில் ஒடுகத்தூரில் ஒருவர் காலை இழுத்து இழுத்து நடந்துவந்து பஸ்ஸில் ஏறினார். பார்த்தால் சின்னராசு. மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து மாசக்கணக்கில் படுக்கையில் கிடந்தாராம்.

"வெறுங்கையோட வர்றதுக்கு வெக்கமா இருந்துச்சுண்ணே. அதான் போன்கூட பண்ணல" என்றார்.

வழியெல்லாம் ஈஸ்வரியைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். நன்றாக இருக்கிறாள் என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோயிலில் இறங்கித் தன் கல்லைத் தேடினார். கிடைக்கவில்லை. எந்த ஆடு தள்ளிவிட்டதோ என்று சொல்லிக்கொண்டே வீட்டுப் பக்கம் நடந்தார். நாய் எழுந்து அவரைப் பார்த்துக் குரைத்தது. குரைப்பைக் கேட்டு ஈஸ்வரி வெளியே வந்தாள். ஓடிவந்து அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவர் வீட்டைப் பார்த்து ஓரடி வைத்ததும் அவள் அழுகை நின்றுபோனது. ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டாள்.

"உள்ள போவாதய்யா."

அவர் அவளை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். போன வேகத்தில் வெளியே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"என் சட்டைய போட்டுக்கினு உள்ள படுத்துனு கீறது யாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஈஸ்வரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீதான்யா" என்றாள்.