யாரும் கத்தாத மூன்று வாரம்

என் மனைவிக்கு அலுவலகத்தில் கத்திரி என்று பெயர். தண்ணீர் மீட்டருக்குள் விரல்நகம் அளவுக்கு ஒரு சிப் இருக்கும். அதற்குள் கெர்னல் என்று ஒரு மென்பொருள். மீட்டரை எழுப்பி, உட்காரவைத்து, வேலை வாங்குவது அதுதான். அது தின்னும் நினைவகத்தைக் குறைப்பது இவள் வேலை. பதினாலு வருடமாக வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு பகுதி தேவையா என்று யாரையும் கேட்கமாட்டாள். கேட்டால் எல்லோரும் தேவை என்றுதான் சொல்வார்கள். சத்தமில்லாமல் அணைத்துவைப்பாள். மூன்று வாரத்துக்குள் யாராவது கத்தினால் திருப்பிக் கொடுப்பாள். கத்தாவிட்டால் ஒரேயடியாகத் தூக்கிவிடுவாள். வீட்டிலும் இதே சட்டம்தான். என் உடற்பயிற்சி சைக்கிள் காணாமல் போனதை நான் கவனித்தது இருபத்தாறாம் நாள். கத்தினேன். கெடு முடிந்துவிட்டது என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சிரித்த முகமாக வந்தாள். மேலாளரே கூப்பிட்டு மூன்று வாரம் விடுப்பு கொடுத்தாராம், அதுவும் சம்பளத்தோடு. விடுப்பின் நான்காம் நாள், துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்த சட்டையை அப்படியே போட்டாள்.

"ஏங்க, என்னைத்தான் அணைச்சு வச்சிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சைக்கிளை நினைத்துக்கொண்டேன். ஆனால் அலுவலகத்திலிருந்து போன் வரவில்லை. பத்தாம் நாளும் வரவில்லை. குளிக்கப் போகும்போதும் போனைக் கையோடு கொண்டுபோனாள், சாப்பாடு பாதியில் நின்றது. யாராவது கத்தினால்தானே திருப்பிக் கூப்பிடுவார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கி, குரலை மாற்றிக்கொண்டு அவள் அலுவலகத்துக்குப் பேசினேன்.

"மீட்டர் நின்னுபோச்சு. அந்தக் கெர்னல் மேடத்தைக் கூப்பிடுங்க."

"எந்த மாடல் சார்?"

மாடல் எனக்கு எப்படித் தெரியும்? போனை வைத்துவிட்டேன். விஷயம் தெரிந்ததும் தலையணையாலேயே இரண்டு போட்டாள்.

பத்தொன்பதாம் நாள் தானே கிளம்பிப் போனாள். நானும் கூடப்போய் வாசலில் நின்றேன். உள்ளே நடந்ததை வெளியே வந்து அவளே சொன்னாள்.

"இத்தனை நாளா ஒருத்தர்கூட உங்களைத் தேடலையேம்மா" என்றாராம் மேலாளர்.

இவள் கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறாள். நினைவகம் நிரம்பி மூச்சுமுட்டும்போது, ஏதாவது ஒரு வேலையை நிறுத்தி மீட்டரைக் காப்பாற்றும் பகுதி அது.

"இது கடைசியா ஓடி மூணு வருஷம் ஆச்சு சார். யாரும் தேடல. எடுத்தா எட்டு கிலோபைட் மிச்சம். எடுத்துடட்டுமா?"

"வேண்டாம்மா. என்னைக்காவது நிரம்பிச்சுன்னா அத்தனை மீட்டரும் படுத்துடும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்திருக்கிறது. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

பேருந்து நிறுத்தம்வரை தலைகால் புரியாத சந்தோஷத்தில் பேசிக்கொண்டே வந்தாள். என் வாய் சும்மா இருக்குமா?

"அப்போ, யாரும் கத்தலன்னு பதினாலு வருஷமா நீ தூக்கினதுல இந்த மாதிரி எத்தனை இருக்கும்?"

அவள் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பேருந்து வந்து நின்றது. என் கையில் பையைத் திணித்துவிட்டு அலுவலகத்தைப் பார்த்து ஓடினாள். விடுப்பு முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.