லோர்னா அழுத்திய கெண்டைக்கால்

லோர்னா பெலிக் பயந்த சுபாவம் உள்ளவர். கனடாவின் வின்னிபெக் நகரில் எங்கள் பாலே நடனக் குழுவின் கால்களையெல்லாம் பதினெட்டு வருஷமாகப் பார்த்து வருபவர். அதற்கு முன் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களுக்கு வைத்தியம் செய்தார்.

“அந்தப் பயலுக தொட்டாலே ஊரைக் கூட்டுவானுங்க. நீங்க சிரிக்கிறீங்க. அதைப் பார்த்தாதான் எனக்குப் பயமா இருக்கு” என்பார்.

அதனால் எங்கள் முகத்தைப் பார்க்கவே மாட்டார், கால்விரல்களைப் பார்ப்பார். வலித்தால் விரல் மடங்கும்.

நாங்கள் வலியை மறைப்பதற்குக் காரணம் உண்டு. அவர் அறை வாசலில், காயம்பட்டவர்களின் பெயரை எழுதும் பலகை ஒன்று இருந்தது. அதில் மூன்று நாள் பெயர் இருந்தால் வேடம் வேறொருத்திக்குப் போய்விடும். எனவே கழிப்பறையில் உட்கார்ந்து சப்பாத்திக் கட்டை மாதிரி ஒன்றால் காலை உருட்டி இளக்கிவிட்டுத்தான் அவரிடம் போவோம்.

என் இடது கெண்டைக்கால் தசை நான்கு வருஷமாகக் கிழிவதும் ஆறுவதுமாக இருந்தது. “இழுத்து இழுத்துதான்டி கிழிச்சுக்கிட்டே. இழுக்காதே. குதிகாலைத் தூக்கு, மெதுவா, இருபத்தஞ்சு தடவை” என்று தினமும் பக்கத்தில் நின்று எண்ணுவார். அப்புறம் இரண்டு வருஷம் அது கிழியவில்லை.

எட்டு மாதம் வெளிநாடுகளில் ஆடிவிட்டு பிப்ரவரியில் திரும்பினேன். மூன்று விமானம், ஒரு பேருந்து. இருபத்தாறு மணி நேரம் உட்கார்ந்தே வந்தேன். மறுநாள் கால் கனத்தது. முக்கிய வேடத்தில் ஆட இரண்டு வாரம்தான் இருந்தது. உருட்டினேன். திங்கட்கிழமை லோர்னாவிடம் போனேன்.

“பழைய இடமா?”

“பழைய இடம்தான்.”

பத்து நிமிஷம் அழுத்திப் பிசைந்தார். என் விரல்கள் மடங்கவில்லை. அது வலியாக இல்லை, பாரமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலில் கை வைத்தவர் சட்டென்று எடுத்துவிட்டார். புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தார். அளவு நாடாவை எடுத்து வலது காலை அளந்தார். இடது காலை இரண்டு தடவை அளந்தார். இடது கால் மூன்றரை சென்டிமீட்டர் அதிகம்.

“எத்தனை மணி நேரம் உட்கார்ந்து வந்தே, மிரேய்?”

சொன்னேன்.

“நேத்தே ஏன்டி சொல்லலை?”

“நீங்க கேக்கலையே.”

“ஆமா” என்றார். “நான் கேக்கலை.”

“பலகைல மட்டும் எழுதிடாதீங்க லோர்னா. சாயந்தரம் ஒத்திகை இருக்கு.”

“ஒத்திகையா? ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்குடி, எனக்கு அப்படித்தான் தோணுது. அது கழண்டு நெஞ்சுக்கு ஏறுச்சுன்னா...” தன் கைகளைப் பார்த்தார். “நேத்து அதைப் போய்ப் பிசைஞ்சிருக்கேன்.”

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். அது வரும்வரை என்னைக் கால்விரலைக்கூட அசைக்க விடவில்லை. ஒவ்வொரு மூச்சையும் நான் சோதித்துச் சோதித்து இழுத்தேன்.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்கட்டி இருப்பது தெரிந்தது. இளம் டாக்டர், “யாராவது மசாஜ் பண்ணாங்களா?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன். பழக்கம்.

கூடவே வந்து மூலையில் நின்றிருந்த லோர்னா, “பண்ணினேன். நேத்து, பத்து நிமிஷம். நான் அவளுக்கு வைத்தியம் பாக்குறவ. எழுதிக்கங்க” என்றார்.

டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். எழுதினார். நெஞ்சையும் படம் எடுக்கச் சொன்னார்.

காத்திருந்த நேரம் முழுக்க லோர்னா தன் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றார். பிடித்துக்கொள்ளக் கை கேட்டேன். “வேணாம், உன்னைத் தொடவே பயமா இருக்கு” என்றார்.

வலது நுரையீரலில் சின்னதாக ஒரு கட்டி இருந்தது. “மருந்துல கரைஞ்சிடும். ஆனா மசாஜ் பண்ணதை இவங்க சொல்லலைன்னா நெஞ்சைப் பாக்காமலே இன்னைக்கு வீட்டுக்கு அனுப்பியிருப்போம்” என்றார் டாக்டர்.

லோர்னா வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். முகத்தில் தண்ணீர் சொட்டியது.

“உங்கம்மாவுக்கு யார் சொல்றது? நீயா, நானா?”

“நீங்களே சொல்லுங்க.”

“என்னைக் கொன்னுடுவாங்க” என்று சொல்லிக்கொண்டே எண்ணைக் கேட்டார்.