குருவியேந்தல்காரி

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. இராமநாதபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் குமாஸ்தா. ஊர்ப் பெயர்களைச் சரியான எழுத்தோடும், பெயர் வந்த கதையோடும் எழுதி வா என்று என்னைச் சைக்கிளில் விரட்டினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. போன ஊரெல்லாம் ஒரே கதை. ராமர் இங்கே உட்கார்ந்தார், அங்கே தண்ணீர் குடித்தார், அடுத்த ஊரில் வில்லை ஊன்றினார். இத்தனை ஊரிலும் தங்கிய மனுஷர் இலங்கைக்கு எப்போதுதான் போய்ச் சேர்ந்தாரோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சாயல்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் எழுதி முடித்துக் கிளம்பும்போது, இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் வந்தாள். தன் பிறந்த ஊர் குருவியேந்தலை எழுதிவிட்டேனா என்று கேட்டாள். எழுதவில்லை. கிணறு உப்பாகி அந்த ஊர்ச் சனம் எப்போதோ கலைந்து போயிருந்தது. ஆளில்லாத ஊரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடச் சொல்லி எங்கள் அதிகாரியின் உத்தரவு. அதைச் சொன்னதும் அவள் முகம் வாடிப்போயிற்று.

"அந்த ஊர அடிச்சுட்டா என்னைய என்னன்னு கூப்பிடுவாக?"

அந்தப் பக்கம் வாக்கப்பட்டு வந்த பெண்ணைப் பிறந்த ஊரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். மாரியூரில் பிறந்தவள் மாரியூர்க்காரி. இவள் குருவியேந்தல்காரி. எனக்கு மனசு கேட்கவில்லை. பெயர் எப்படி வந்தது என்று விசாரித்தேன். அங்கே மழைத்தண்ணீர் தேங்கும் ஏந்தல் ஒன்று உண்டு, குருவிகள் வந்து குடிக்கும், அவ்வளவுதான் என்றாள்.

"ராமர் வரலையா?"

"அவுக வரல. குருவிதான் வந்துச்சு."

அப்பாடா என்றிருந்தது. எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அதிகாரியே என்னையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கிராமத்துக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். இல்லாத ஊருக்கு ஏதய்யா பெயர் என்று நடுத்தெருவில் வைத்து என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. சொன்ன பெண்ணைக் கூப்பிடு, அவள் பெயர் என்ன என்றார். நான் முழித்தேன். கூடி நின்றவர்களும் முழித்தார்கள். புருஷன் உப்பளத்துக்குப் போயிருந்தான். கொழுந்தனோ, மதினி என்றே கூப்பிட்டுப் பழகியவன், தலையைச் சொறிந்தான்.

கடைசியில் ஒரு கிழவர் குருவியேந்தல்காரியை வரச்சொல்லிக் குரல் கொடுத்தார். அந்தப் பெயர் வீட்டுக்கு வீடு தாவிக் கிணற்றடி வரைக்கும் போயிற்று. அங்கிருந்து, "இந்தா வாரேன்" என்று பதில் வந்தது. அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடிக்க வேண்டாம், ஊர் இருக்கட்டும் என்றார்.

அவள் வந்ததும், தகவல் சொன்னவர் என்று எழுத அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டார். அவள் கூச்சத்தோடு சிரித்தாள்.

"அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டவுகள்லாம் அங்கனயே முடிஞ்சு போனாகய்யா. இங்கன நான் குருவியேந்தக்காரிதான். அதையே போடுங்க."

அவர் அதையே எழுதிக்கொண்டார்.