கொள்ளையர் கப்பலில் கயிறு பிடித்தவன்

முதலில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் இதைக் கட்டுக்கதை என்று சொல்லக் கூடாது.

இடம், தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவர்களின் சங்கக் கூடம். போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. சுவரில் கட்டிய திரைக்கு எதிரே முதல் வரிசையில் தோணிக்காரர் பிச்சையா. இரண்டாவது வரிசையில் அற்புதமணி. அவனுக்கு இடப்பக்கம் தங்கை கிளாடிஸ். வலப்பக்க நாற்காலி காலி. பின்னால் புரொஜெக்டர் பக்கத்தில் சினிமாக் கம்பெனி ஆள் சிவப்பிரகாஷ். சாயர்புரத்துக்காரன், சென்னையில் வேலை. இந்தத் தெருவுக்கு அன்றுதான் முதல் தடவை வந்தான். மற்றபடி தெரு ஆட்கள் ஒரு இருபது பேர்.

நான் அங்கே இல்லை. ஆனால் அற்புதமணி வாயாலேயே கேட்டேன். அவன் உள்ளங்கைகளையும் பார்த்தேன். நடந்தது நடந்ததுதான்.

அதற்கு முந்தின வருஷம் அந்தக் கம்பெனி ஒரு கடற்கொள்ளைப் படம் எடுக்க வந்தது. பிச்சையாவின் தோணிக்குக் கறுப்புப் பாய் கட்டிக் கொள்ளையர் கப்பலாக்கினார்கள். அதிலிருந்து குதித்து மூழ்குவதற்குக் கிளாடிஸின் புருஷன் இன்னாசியைப் பிடித்தார்கள். கனத்த கோட்டும் பூட்ஸும் மாட்டிவிட்டார்கள். அந்த உடுப்போடு ஒருவன் தானாக மேலே வர முடியாது. இடுப்புக் கயிற்றை மேலே இருப்பவன் இழுக்க வேண்டும்.

இந்தக் கரையில் அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். தங்கையின் தாலியை எந்த அண்ணனும் நழுவ விடமாட்டான் என்ற நம்பிக்கை. முத்துக்குளிப்பு நின்று சங்குக்குளிப்பு மட்டும் மிஞ்சிய பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. கீழே இருப்பவன் இரண்டு தரம் சுண்டினால் ‘இழு’ என்று அர்த்தம்.

அன்று கயிறு அற்புதமணியின் கையில். இன்னாசி மேலே வரவில்லை.

“கயிறு இத்துப்போயிருந்துச்சு. அறுந்துட்டு. கையில இருந்த துண்டும் பதற்றத்துல கடல்ல விழுந்துட்டு” என்று விசாரணையில் சொன்னான் அற்புதமணி.

கயிறு பிச்சையாவுடையது. ஒரு வருஷமாக அவர் தோணி கரையேறிக் கிடந்தது. அந்த ஞாயிறுக்கு அடுத்த வியாழக்கிழமை கடைசி விசாரணை. அற்புதமணி அதையே திரும்பச் சொன்னால் தோணியின் பதிவு ரத்தாகும். பிச்சையாவுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

இன்னாசியின் நினைவாகப் படத்தை முதலில் அவன் தெருவுக்குப் போட்டுக் காட்டக் கம்பெனி வந்திருந்தது. அதற்கு முன்னால் ஒரு தொகுப்பு. நூறு வருஷத்துக் கடற்கொள்ளைப் படங்களிலிருந்து துண்டு துண்டாக.

ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். 3.40க்கு விளக்கு அணைந்தது.

முதலில் ஒரு ஊமைப் படம்.

“ஏலே அற்புதம், கொடி இங்கன பறக்கு, பாயி அங்கன புடைக்கு. ரெண்டு காத்தா அடிக்கு?” என்றார் பிச்சையா.

கூடம் சிரித்தது. அற்புதமணிக்குச் சிரிப்பு வரவில்லை. பிச்சையா ஒரு நாள்கூட அவனைக் குறை சொன்னதில்லை. ‘ஒன் தப்பு இல்லடே, என் கயிறுதான் பழசு’ என்றே சொல்லிவந்தார். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

திரையில் எதிரிக் கப்பல் மூழ்கியது. கொள்ளையர்கள் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்கள். ஒருவன் மட்டும் தூக்கவில்லை. கப்பல் விளிம்பில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கையில் கயிறு.

அடுத்து முப்பதுகளின் பேசும் படம். வேறு கப்பல், வேறு தேசம். அதே கூச்சல், அதே தூக்கிய கைகள். விளிம்பில் ஒருவன்... முதுகு... கயிறு.

ஐம்பதுகளின் தமிழ்ப் படம். வாள் சண்டை, பாட்டு, கடத்தி வந்த ராஜகுமாரி.

“கொள்ளைக்காரன் மீசையப் பாரு. மை இன்னும் காயல” என்றார் பிச்சையா.

அற்புதமணி மீசையைப் பார்க்கவில்லை. விளிம்பைப் பார்த்தான். கயிறு பிடித்தவன் இருந்தான். கொஞ்சம் திரும்பியிருந்தான். காது தெரிந்தது.

சொட்... சொட்...

வலப்பக்கத்திலிருந்து சத்தம். வெளியே மழை இல்லை. திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

எழுபதுகள். கலர் வந்துவிட்டது. கயிறு பிடித்தவனின் கோட்டு நனைந்திருந்தது. கன்னம் தெரிந்தது.

புதுப் படம். கம்ப்யூட்டரில் செய்த அலை, கம்ப்யூட்டரில் செய்த கப்பல். எல்லாம் பொய். அந்தக் கயிறு மட்டும் நிஜம்.

“கிளாடிசு... அந்த ஓரத்துல நிக்கவன...” அலைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

4.25. கடைசியாக அவர்கள் படம். பிச்சையாவின் தோணி. கறுப்புப் பாய். இன்னாசி குதித்தான். எல்லோரும் கத்துகிறார்கள். கேமரா மெல்லத் திரும்புகிறது...

விளிம்பில் அற்புதமணி.

கேமரா தன் பக்கம் வந்ததும் தன்னை மறந்த முகம். பல் தெரிய ஒரு சிரிப்பு.

இரண்டு கையும் மேலே.

இரண்டும் காலி.

பக்கத்தில் இன்னாசி நின்றான். இந்தத் தடவை முழுமுகம். திரைக்குள்ளிருந்து கயிற்றை நீட்டினான்.

உள்ளங்கையில் ஈரம் பட்டது. நார்க் கயிறு.

ஒரு சுண்டு...

இன்னொன்று...

இழுத்தான்.

கனம். தாங்க முடியாத கனம்.

தோல் உரிந்தது.

விடவில்லை.

விளக்கு எரிந்தது.

அற்புதமணி நின்றுகொண்டிருந்தான். கிளாடிஸ் அவன் கைகளைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை இரண்டும் உரிந்து சிவந்திருந்தன. உப்புத் தண்ணீர் சொட்டியது. வெகுநேரம் பார்த்தாள்.

“அன்னிக்கும் பாத்தேன்ணே” என்றாள். “அறுந்து போற அளவுக்கு இழுத்திருந்தா கயிறு கையக் கிழிச்சிருக்கும்லா. ஒன் கையில ஒரு கீறல் இல்ல.”

“ஏன்ளா கேக்கல?”

“நீயா சொல்லுவன்னு இருந்தேன்.”

அன்று இரவு, பேனா பிடிக்க முடியாத கையால் விசாரணை அதிகாரிக்கு எழுதினான். கயிறு அறுந்து போகவில்லை. படத்தில் என் முகம் வர வேண்டும் என்ற ஆசையில் நான்தான் கையை விட்டேன். பிச்சையா அண்ணாச்சி மேல் குற்றம் இல்லை.

உறையில் போட்டான். ஒட்டவில்லை. ஜெயில் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

ஆனால் ஒன்று அவனை அரித்தது. திரையில் அவன் காலிக் கைகளை எல்லோரும்தானே பார்த்தார்கள்? ஏன் ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை?

திங்கள் காலை 9.10க்குச் சிவப்பிரகாஷுக்குப் போன் போட்டான்.

“தம்பி, நேத்து ஒங்க படத்துல நான் வார இடம்...”

“எங்க படத்தப் போடவே இல்லியே அண்ணாச்சி. நாலு இருபத்தஞ்சுக்குக் கரண்ட் போயிட்டு. பதினோரு நிமிசம் கும்மிருட்டு. செல்லு வெளிச்சத்துல பாத்தா நீங்க ரெண்டு பேரும் எந்திரிச்சு நின்னு எதையோ இழுத்துக்கிட்டு நிக்கீங்க.”

“...ரெண்டு பேரா?”

“ஆமா. ஒங்களுக்கு வலப்பக்கம். நனைஞ்ச கோட்டு போட்டிருந்தாரு. எனக்கு முதுகுதான் தெரிஞ்சுது. யாரு அண்ணாச்சி அவரு?”

அற்புதமணி போனை வைத்தான்.

உறையின் ஓரத்தில் பசை தடவினான். உரிந்த உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினான். நேரில் போனால் வாய் மாறிவிடும் என்று அவனுக்குத் தெரியும். நேரே தபால் நிலையத்துக்குப் போனான். விரைவுத் தபால் என்றான்.

கவுண்டரில் இருந்த பெண் உறையின் ஒரு ஓரத்தைப் பிடித்தாள். அவன் இன்னும் விடவில்லை.

“விடுங்க அண்ணாச்சி.”

விட்டான்.

“என்ன இது, இப்படி நனைஞ்சிருக்கு” என்றபடி அவள் முத்திரை குத்தி, உள்ளே போட்டாள்.