கழுவி வைத்த சிலைடுகள்

எண்பதுகளின் நடுவில் நான் எம்.ஃபில். படித்தேன். எங்கள் தர்மபுரிப் பக்கத்தில் வானொலியிலும் சினிமாக் கொட்டகையிலும் விளம்பரங்கள் எப்படி வந்தன என்பதுதான் தலைப்பு. தலைப்பு கிடைத்தபோது இருந்த மிதப்பு மூன்றே மாதத்தில் இறங்கிவிட்டது. வானொலி நிலையத்துக்கு எழுதிக் கேட்டேன். பழைய டேப்பை அழித்து அதிலேயே புதிதாகப் பதிவு செய்வது வழக்கம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பழைய பத்திரிகைகளோ எடைக்குப் போய்விட்டிருந்தன.

சேலத்தில் இருந்த என் வழிகாட்டிப் பேராசிரியர், "மூல ஆதாரம் ஒன்றுகூட இல்லாமல் ஆய்வேடா? பேசாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு போங்கள்" என்றார். வீட்டிலும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். பட்டம் கிடைத்தால் வேலைக்குப் போகலாம், இல்லாவிட்டால் ஓசூரில் இருக்கும் அத்தை மகன். அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அலைந்து திரிந்து அதியமான்கோட்டையில் ஒரு பெயிண்டரைப் பிடித்தேன். கொட்டகைக்கு சிலைடு எழுதியவர். சிலைடு என்றால் உள்ளங்கை அகலக் கண்ணாடி. அதில் கலர் மையால் ஜவுளிக்கடை, நகைக்கடை, உரக்கடை என்று எழுதித் தருவார், இடைவேளையில் அதைத் திரையில் காட்டுவார்கள். கடைக்காரரின் கெடு முடிந்ததும் கண்ணாடியைக் கழுவி அடுத்த கடையை எழுதுவார். பிறகு கொட்டகைக்காரர்கள் சேலத்திலிருந்து அச்சடித்த சிலைடு வாங்க ஆரம்பித்ததால், கடைசியாக எழுதிய நாற்பது கண்ணாடிகள் கழுவாமல் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டன. ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மூக்குத்தி போட்ட ஒரு பெண், பக்கத்தில் கடைப் பெயர்.

பஸ்ஸில் கொண்டுபோக வைக்கோல் வைத்த பெட்டி வேண்டும், அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். கிளம்பும்போது, "ஒரே தூசியா இருக்குது, நல்லா சுத்தம் பண்ணி வைங்க" என்று அதிகாரமாக வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனபோது நாற்பது கண்ணாடிகளும் ஒரு துண்டின் மேல் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் ஒரு புள்ளி மை கிடையாது. என் வயதே இருக்கும் அவர் மகள் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். அந்த வீட்டில் சிலைடைச் சுத்தம் பண்ணுவது என்றால் அதுதான்.

"வூடு தேடி வந்து கேட்டிருக்கீங்க, அழுக்கோட குடுக்கலாமுங்களா?" என்றாள்.

"நீ எத்தனாவது படிச்சே?"

"பத்தாவது பெயிலுங்க."

"அதான் தெரியுதே" என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கு அது போதவில்லை. அழுதுகொண்டே இன்னும் நாலு வார்த்தை கேட்டேன். சுத்தம் பண்ணச் சொன்னது நான் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் கேட்டேன்.

பெயிண்டர்தான் நடுவில் வந்தார். "அழுவாதீங்கம்மா. நாப்பதும் மனசுல இருக்குதுங்க. பதினஞ்சு நாளு குடுங்க, அப்படியே எழுதிடறேன்."

எழுதினார். மூக்குத்திப் பெண் முன்னைவிட அழகாக வந்தாள். அதுதான் தொல்லை. புதுசு என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். விறகடுப்புப் புகையில் காட்டுங்கள், ஓரத்தைக் கீறுங்கள், நாலைந்தில் விரிசல் விடுங்கள் என்றேன். அவர் கையால் எழுதியதை அவர் கையாலேயே கெடுக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியை அடுப்படிக்கு எடுத்துப் போனார்.

என்ன வேண்டும் என்று கேட்டேன். "எதுவும் வேண்டாமுங்க. கடைக்காரரு பேரு வரும், கொட்டாய் பேரு வரும், எம்பேரு ஒருநாளும் வந்ததில்லைங்க. உங்க புஸ்தகத்துல போட்டீங்கன்னா போதும்" என்றார். சத்தியமாகப் போடுகிறேன் என்றேன்.

சேலம் போகிற வழியில், தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து பஸ் நின்றுவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கி ஓடி, அடிபட்டவர்களைத் தூக்கினார்கள். நான் மடியில் இருந்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேராசிரியர் ஒவ்வொன்றாக விளக்கில் பார்த்தார். முதல் தடவையாக என்னைப் பாராட்டினார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: "இதை எழுதியவர் இருக்கிறாரா? வாய்மொழித் தேர்வு அன்று அழைத்து வாருங்கள், பேசச் சொல்லலாம்."

அந்த மனிதருக்குப் பொய் வராது. நாற்பதையும் போன மாதம்தான் எழுதினேன் என்று சபையில் சந்தோஷமாகச் சொல்லிவிடுவார். எனக்கு யோசிக்கக்கூட நேரம் ஆகவில்லை. "இறந்துவிட்டார் சார்" என்றேன்.

"அடடா. அதையும் அடிக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள்" என்றார்.

சேர்த்தேன். பட்டம் வந்தது, வேலையும் வந்தது, ஓசூர்ப் பேச்சு நின்றது. அதியமான்கோட்டைக்கு எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். நான் போகவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களே வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், மகள் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நான் பாஸானதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளே ஓடிப்போய் ஆய்வேட்டைக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தாள். தன் மகள் எழுதிய புத்தகம் என்று அவளுக்குப் பெருமை. பிறகு டீ போடப் போனாள்.

"எழுத்து பொடிசா இருக்குதுங்க. நம்ம பேரு எங்கன்னு பாரும்மா" என்று மகளிடம் நீட்டினார். பிடுங்கிக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. என்ன காரணம் சொல்லிப் பிடுங்குவது என்றுதான் தெரியவில்லை.

அவள் பக்கம் பக்கமாகத் தள்ளிக் கண்டுபிடித்தாள். ஒருமுறை மனதுக்குள் படித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு திக்காமல் திணறாமல் சத்தமாகப் படித்தாள். அவர் பெயர், ஊர், தொழில், பிறகு 'இவர் இப்போது உயிருடன் இல்லை.'

அவர் பக்கத்தை எட்டிப் பார்த்தார். "பேரு சரியா போட்டிருக்குதா?" என்றார்.

"இனிஷியலோட இருக்குதுங்கப்பா."

அம்மா டீயைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, சர்க்கரை எடுக்க உள்ளே போனாள். அந்தப் பெண் புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினாள்.

"செத்துப்போனவருக்கு டீ வெச்சிருக்காங்க உங்க அம்மா" என்றாள். "குடிக்கலாமுங்களா?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குடிங்க" என்றேன்.